கணக்கில் ஐம்பத்தெட்டு

சோளங்காட்டுப்பட்டி,
நாகலாபுரம் வழி.
11.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செல்வி எழுதுவது. அம்மாவும் அப்பாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டுப் பயனில்லை. மில் ஹாஸ்டலில் வார்டன் பக்கத்தில் நிற்கும்போது "நல்லாருக்கேன்" என்பதைத் தவிர உன்னால் என்ன சொல்ல முடியும்? அதனால்தான் கடிதம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று "பாஸ், நல்ல மார்க்" என்று உன்னிடம் சொன்னேன். பாஸ் என்பது உண்மை. உன் பின்னால் தோழிகள் கைதட்டும் சத்தம் கேட்டது. அதற்குமேல் வாய் வரவில்லை.

கணக்கில் ஐம்பத்தெட்டு, அக்கா.

அதிலும் பத்து மார்க், பள்ளிக்கூடமே எல்லோருக்கும் போடுகிற பத்து. இயற்பியலில் எழுபத்தொன்று, வேதியியலில் எழுபத்தைந்து. தமிழில் தொண்ணூற்று நான்கு. ஆனால் இன்ஜினியரிங் சேர்க்கையில் தமிழை யாரும் கேட்பதில்லை. இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்டுவார்கள். கணக்கை மட்டும் முழுதாக எடுத்துக்கொள்வார்கள். எது என் காலை வாரியதோ அதுதான் முழுதாக வந்து நிற்கிறது. எல்லாம் சேர்த்து இருநூறுக்கு நூற்று முப்பத்தொன்று. நீ ஆசைப்பட்ட திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் கல்லூரி இதற்கு எட்டாது.

அப்பாவிடம் சொன்னேன். "அம்பத்தெட்டுன்னா பாதிக்கு மேலதான? பெறகு என்னத்துக்கு ஏட்டி அழுத?" என்றார். பாதி மழை பெய்தாலே அந்த வருஷம் தப்பித்தது என்று நினைக்கிற மனுஷன். அவரிடம் கட்-ஆஃபை எப்படி விளக்குவது?

மார்க் பட்டியல் வாங்கக் கோவில்பட்டி போனேன். நீ சேர்த்துவிட்ட தனியார் பள்ளி வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். முதல் வரிசையில் பட்டாசுக் கம்பெனிக்காரர் மகள் தீபலட்சுமி. அவளுக்கு வீட்டுக்கே வந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. கணக்கு எடுத்த சுதாராணி டீச்சரைப் பார்த்தேன். "நான் என்ன செய்யட்டும் ஏட்டி? லெவன்த் பாடத்தத் தொடாத, நேரா ட்வெல்த்த நடத்துன்னு மேனேஜ்மெண்டுல சொல்லுதாவ. நடத்துனேன்" என்றார்கள். அவர்கள் சம்பளம் உன் சம்பளத்தைவிடக் குறைவாம். கோபப்பட முடியவில்லை.

தமிழில் கணக்குப் போட்டு வளர்ந்தவள் நான். அங்கே எல்லாம் இங்கிலீஷ். புரியாததை மனப்பாடம் செய்தேன். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள், கணக்கைக்கூட.

உன் தங்கை,
செல்வி

மில் ஹாஸ்டல்,
வேடசந்தூர் வழி.
19.5.2025

அன்புள்ள செல்விக்கு அக்கா எழுதுவது.

கடிதம் வந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் படித்தேன். கைதட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டார்களா? எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். இப்போது போய்த் திருப்பிக் கேட்கவா?

ஒரு தடவைதான் கேட்பேன். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா? எந்தப் பையனாவது பின்னால் வந்தானா? இல்லை என்று நீ எழுதினால் நம்புவேன். பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்று இரண்டு எடுத்தவள் நீ. அந்த மார்க்கைப் பார்த்துத்தான் ஊர்ப் பள்ளியிலிருந்து உன்னை எடுத்து அங்கே சேர்த்தேன். அங்கே தமிழ் பேசினால் அபராதம் போடுவார்கள் என்று அம்மா பயந்தபோது, எனக்கு அது பெருமையாக இருந்தது.

சரி, போனது போகட்டும். இப்போது நல்ல சேதி சொல்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு படி.

என் பக்கத்துக் கட்டில் பாண்டியம்மாள் விளாத்திகுளத்துக்காரி. அவள் தம்பிக்கு உன்னைவிடக் குறைச்சலான மார்க்காம். அவன் போன வருஷம் அரசு இன்ஜினியரிங் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டான். எப்படி என்று கேட்டேன். "எக்கா, கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளையளுக்குன்னு தனியா எடம் வச்சிருக்காவ. ஃபீஸு, ஹாஸ்டலு எல்லாம் கவர்மெண்டே கெட்டுது. ஓந் தங்கச்சி ஊர்ப் பள்ளிக்கூடத்துலதான படிச்சா?" என்றாள். ஆமாம், ஆறாவதிலிருந்து படித்தாள் என்றேன். நீ இது தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறாய் செல்வி. உடனே அந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பம் போடு. விடைத்தாள் நகலும் கேட்டு வாங்கு. கூட்டலில் விட்டிருப்பார்கள்.

அம்மாவை வெயிலில் களை பறிக்கப் போகவேண்டாம் என்று சொல்.

அன்பு அக்கா,
வள்ளிமயில்

சோளங்காட்டுப்பட்டி
30.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனும் இல்லை, பையனும் இல்லை. பையன் யாராவது இருந்திருந்தால் கொஞ்சம் கணக்காவது சொல்லிக்கொடுத்திருப்பான்.

விடைத்தாள் நகல் வந்தது. கூட்டலில் பிழை இல்லை. பிழை என்னிடம்தான். ஐந்து மார்க் கணக்கு ஒன்றில், புத்தகத்தில் இருக்கிற எண்ணை மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். நான் கேள்வியில் இருந்த எண்ணை எழுதித் தொடங்கி, பாதியில் புத்தகத்து எண்ணுக்குத் தாவி, புத்தகத்து விடையை எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அவ்வளவு அழகான கையெழுத்து. திருத்தியவர் சிரித்திருப்பார். இப்படி ஒன்று இல்லை, பல.

அந்த ஒதுக்கீடு எனக்கு ஏற்கனவே தெரியும். உனக்கு எழுதக் கை வராமல் விட்டிருந்தேன். ஆறிலிருந்து பன்னிரண்டுவரை ஏழு வருஷமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நான் ஐந்து வருஷம்தான் படித்தேன். கோவில்பட்டி பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டேன். அங்கிருந்த சக்திகுமார் அண்ணன், "ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்டா?" என்று கேட்டார். பத்து வரைக்கும் என்றேன். "அப்ப இல்லன்னு போட்டுருதேன்" என்று அழுத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது.

நீ ஃபீஸ் கட்டின பள்ளிதான் என்னைத் தடுக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லாவிட்டாலும் நீ அப்படித்தான் படிப்பாய். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன். சேர்த்த அன்று இது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஃபீஸ் வாங்கினவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்?

நீ சாப்பாட்டை விட்டுவிடாதே.

செல்வி

வேடசந்தூர் வழி
7.6.2025

செல்விக்கு,

அந்த சக்திகுமார் யார், இல்லை என்று போட? அவன் என்ன கலெக்டரா?

ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்தவள் நீ. இரண்டு வருஷம் ஒரு பெரிய தப்பா? நான் சம்பாதித்ததைச் சேலையிலும் நகையிலும் போடவில்லை. பள்ளிக்கூடத்தில்தான் கட்டினேன். படிக்க வைத்ததற்கு யாராவது தண்டனை கொடுப்பார்களா? எனக்கு இது விளங்கவே இல்லை. இரவெல்லாம் அறுந்த நூலை முடிந்துகொண்டே இதைத்தான் யோசிக்கிறேன். மேஸ்திரி இரண்டு தடவை திட்டிவிட்டான்.

இப்போது நான் சொல்கிறபடி செய். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊர்ப் பள்ளி ஹெட்மாஸ்டர் ஆறுமுகசாமி சாரிடம் போ. பதினொன்றும் பன்னிரண்டும் அங்கேயே படித்ததாக ஒரு சர்டிபிகேட் கேள். பொய்தான். அதனால் யார் குடி கெட்டுப்போகும்? நம்மைவிடப் பெரிய பொய் சொல்லி எத்தனை பேர் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாவைத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊமையாக நிற்காமல் வாயைத் திறந்து கேட்கச் சொல்.

உன்னை இன்ஜினியர் என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். "இஞ்சினியர் அக்கா வாராவ" என்றுதான் எனக்கே பெயர்.

அக்கா

சோளங்காட்டுப்பட்டி
18.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனோம். எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் போனேன். நீ சொன்னாய் என்றதும் அப்பா குளித்து வேட்டி மாற்றிக்கொண்டார். கையில் ஒரு பை உளுந்து.

பையைப் பார்த்ததும் சார், "இது என்னது அண்ணாச்சி?" என்றார்.

"நம்ம காட்டுல வெளஞ்சது சார். உளுந்து."

"எதுக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது. நான்தான் சொன்னேன். சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏட்டி, நீ எந்த வருசம் எந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தேங்கிறது கம்ப்யூட்டர்ல கெடக்கு. நான் மாத்தி எழுதுனா என் வேலையும் போவும், ஓஞ் சீட்டும் போவும்."

"ரெண்டு வருசந்தான சார்" என்றார் அப்பா.

"ரெண்டு நாளா இருந்தாலும் அப்படித்தான் அண்ணாச்சி."

பிறகு அவரே சொன்னார். "டி.சி. வாங்க வந்தன்னைக்கே, பிள்ள இங்கனயே இருக்கட்டும்னு சொன்னேம்லா. ஒங்க மூத்தவ போன்ல என்ன கேட்டா தெரியுமா? பன்னெண்டாவதுக்குக் கணக்கு வாத்தியார் இருக்காரா சார்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? அன்னைக்கும் இல்ல. இன்னைக்கும் இல்ல."

நீ அப்படிக் கேட்டது எனக்குத் தெரியாது அக்கா. சரியாகத்தான் கேட்டிருக்கிறாய்.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது அப்பா சொன்னார்: "அவரு உளுந்த வாங்கியிருந்தா காரியம் நடந்திருக்கும். வாங்க மாட்டேங்காரு. நல்ல மனுசன் கிட்ட மாட்டிக்கிட்டோம்."

வழியில் பேச்சிராஜாவைப் பார்த்தேன். கருவேலங்கரி மூட்டம் போடுகிறவர் மகன், பத்தாவதுவரை என் வகுப்பில் படித்தவன். கணக்கில் அவனுக்கு ஐம்பத்தைந்து. வாத்தியாரே இல்லாமல், எட்டாம் வகுப்பு டீச்சர் ஓய்வு நேரத்தில் வந்து சொன்னதை வைத்து எடுத்தது. அவனுக்கு அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துவிடும் என்கிறார்கள். அவனே நம்பவில்லை. "ஏ செல்வி, நெசமாவே என்னைய கூப்புடுவாவளா?" என்று என்னிடமே கேட்டான். கூப்பிடுவார்கள் என்றேன்.

நான் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். வாத்தியார் இல்லாத பள்ளியில் இருந்திருந்தால் எனக்கும் இடம். வாத்தியார் இருக்கிற பள்ளிக்குப் போனதால் இடம் இல்லை. அங்கேயும் வாத்தியார் கணக்கை நடத்தவில்லை, விடையை நடத்தினார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். பேச்சிராஜா மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அவனுக்கு வாத்தியார் கொடுக்காதவர்கள், அதற்குப் பதிலாக ஒரு இடம் கொடுக்கிறார்கள். அது அவனுடையதுதான்.

போனில் நீ இருமுகிறாய். அம்மா கவனித்துவிட்டாள்.

செல்வி

வேடசந்தூர் வழி
29.6.2025

செல்விக்கு,

உன் நியாயமெல்லாம் படித்தேன். பேச்சிராஜாவுக்கு வக்கீல் வேலை பார்க்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?

அப்பாவை அங்கே அனுப்பியது என் தப்பு. பாவம், உளுந்தைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பத் தூக்கி வந்திருக்கிறார்.

இனி யாரிடமும் கெஞ்ச வேண்டாம். கவுன்சிலிங்கில் எந்தத் தனியார் கல்லூரி வந்தாலும் சேர். என் ஒப்பந்தம் ஆவணியோடு முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறேன் என்று மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட்டேன். ஆவணியில் கையெழுத்துப் போட வேண்டும். நீ கடைசி வருஷம் படிக்கும் சமயம் நானும் வந்துவிடுவேன். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சை அம்மா மூட்டை கட்டி வைக்கட்டும். நாகலாபுரத்துக்காரர்கள் வந்து கேட்டால் மூத்தவளுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லச் சொல்.

இருமல் இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. பஞ்சு பறக்கிற இடத்தில் இருமல் வராமல் பின்னே என்ன வரும்?

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். செய், போதும்.

அக்கா

சோளங்காட்டுப்பட்டி
10.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்தேன். போனிலும் "எல்லாம் நடக்குது" என்றே சொன்னேன். இப்போது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பேச்சிராஜாவுக்குத் திருநெல்வேலி அரசு கல்லூரியில் சிவில் கிடைத்துவிட்டது. அவன் அம்மா வீடு வீடாகப் பூந்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நம் வீட்டுக்கு வரத் தயங்கிக்கொண்டு தெருவிலேயே நின்றாள். அம்மாதான் போய், "என்னத்துக்கு நிக்க? உள்ள வாட்டி" என்று கூட்டிவந்தாள். பூந்தியைத் தின்ற அம்மா, அவள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

எனக்குக் கடைசிச் சுற்றில் ஒரு தனியார் கல்லூரி வந்தது. நான் கேட்ட படிப்பு இல்லை. யாரும் கேட்காததால் மிச்சமிருந்த படிப்பு. அதே கல்லூரியில் படித்து முடித்த செல்வகணேஷ் அண்ணனை உனக்குத் தெரியும். இப்போது விளாத்திகுளத்தில் மக்காச்சோள மண்டியில் மூட்டை எடை போடுகிறார். அவரிடமே போய்க் கேட்டேன். "சேரு தாயி, நாலு வருசம் நல்லாத்தான் இருக்கும். அஞ்சாவது வருசந்தான் தெரியும்" என்றார்.

இடத்தை ஏற்றுக்கொள்கிறாயா, வேண்டாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அப்பாவின் போனில் ஓ.டி.பி. எண் வந்தது. அவர் அதைச் சத்தமாகப் படித்துச் சொன்னார், எதற்கு என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று அழுத்திவிட்டேன்.

கோவில்பட்டி அரசு கலைக் கல்லூரியில் மிச்ச இடத்துக்கு ஜூலையிலேயே கூப்பிட்டார்கள். அங்கே சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறேன். கணக்கு கேட்டேன், கிடைக்கவில்லை. இயற்பியல் கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மாதாமாதம் வருகிற உதவித்தொகை இங்கேயும் எனக்குக் கிடையாது. அதே காரணம். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் இப்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு இல்லை என்று போட்டுவிடுகிறேன்.

நீ அந்த மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாதே. உனக்காகத்தான் அந்த இடத்தை விட்டேன். ஊருக்கு வா. நாகலாபுரத்துக்காரர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அவர்கள் உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், நீ சும்மாவாவது வந்து இரு. நீ திட்டுவதைக் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

உன் தங்கை,
செல்வி

வேடசந்தூர் வழி
27.8.2025

செல்விக்கு,

பதில் போடாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ கவலைப்பட்டு அப்பாவை இங்கே அனுப்பி வைப்பாய், அவர் மில் கேட்டுக்கு வெளியே உளுந்துப் பையோடு நிற்பார். அதனால் எழுதுகிறேன்.

எனக்காக விட்டேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது வேண்டுமா என்று யாரிடம் கேட்டாய்? உன்னைக் கேட்காமல் நான் டி.சி. வாங்க வைத்தேன். என்னைக் கேட்காமல் நீ வேண்டாம் என்று அழுத்தினாய். நாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

நீ சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்தக் கல்லூரியைப் பற்றியும் சரி, பேச்சிராஜாவைப் பற்றியும் சரி. எங்கேயாவது ஒரு இடத்தில் நீ தப்பாகச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் இடம் வைக்கவில்லை.

போன வாரம் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு பிள்ளை புதிதாக வந்தாள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதை அவளும் கேட்டாள். "எக்கா, நீங்க யாருக்காவ வேல பாக்குதீய?" இங்கே ஒவ்வொருத்திக்கும் ஒரு பதில் உண்டு. ஒருத்தி தகப்பனுக்காக, ஒருத்தி தன் கல்யாணத்துக்காக. நான் இத்தனை வருஷமும் உன் பெயரைச் சொல்லிவந்தேன். அன்றைக்கும் வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

கையெழுத்துப் போடவில்லை. நீ கேட்டாய் என்பதற்காக இல்லை. இங்கிருந்து உனக்கு எதுவும் வர வேண்டியதில்லை என்று ஆன பிறகு, எனக்காக மட்டும் என்று நினைத்தால் இந்த வேலையை ஒரு ஷிஃப்ட் கூடப் பார்க்க முடியவில்லை. அது இவ்வளவு மோசமான வேலை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பாண்டியம்மாள் திருப்பூரில் தையல் கம்பெனிக்குப் போகிறாள். அவளோடு போகிறேன். ஊருக்கு வரவில்லை. வந்தால் அம்மா அழுவாள், நீ நியாயம் பேசுவாய், நான் கையை ஓங்கிவிடுவேன். நாகலாபுரத்துக்காரர்களைக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல்.

அங்கே போன் வைத்துக்கொள்ளலாமாம். அம்மாவிடம் பேசுவேன். உன்னிடம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அம்மா கொடுத்தாலும் நீ வாங்காதே. எவ்வளவு நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, நானும் உன்னிடம் கேட்கவில்லை. யாரையும் படிக்க வைக்காமல், யாரைப் பற்றியும் யாரிடமும் பெருமை பேசாமல் கொஞ்ச நாள் இருந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவுதான்.

நன்றாகப் படி என்று எழுதப் போனேன். எழுதவில்லை. அது இனி உன் பாடு.

திருப்பூர் விலாசத்தை இதில் எழுதவில்லை.

வள்ளிமயில்